வேப்பிலை பதிந்த முட்டை

அந்த முட்டை செங்கல் நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஒரே ஒரு வேப்பிலையின் தடம், ஓரத்துப் பற்களும் நடு நரம்பும்கூடத் தெரிகிற மாதிரி வெளுத்துப் பதிந்திருந்தது. எங்கள் தெரு மாரியம்மன் கோயில் வாசலில், ஈரச் சேலையோடு நின்றிருந்த என் மதினி அதை உள்ளங்கையில் வைத்து நீட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஹங்கேரி நாட்டுக்காரர் ஒருவர். சுற்றிலும் எங்கள் பங்காளிகள் அத்தனை பேரும் நின்றார்கள். ஹங்கேரிக்கும் நமக்கும் உள்ள உறவு பற்றி எனக்கு முழுசாகத் தெரிந்தது இந்த ஒரு காட்சிதான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு கருத்தரங்கு. நான் அலுவலகத்தில் கோப்புகளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற அதே பல்கலைக்கழகத்தில், இரு நாட்டு மக்களின் பண்பாட்டு உறவு பற்றிப் போன மாதம் ஒரு நாள் முழுக்கப் பேசினார்கள். பழைய ஆள் என்று என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். அகராதி, ஓவியம், யோகா, நடனம் என்று காலையிலிருந்து ஒரே மழை. சாப்பாட்டுப் பந்தியில் ஒரு பேராசிரியர், "சார், நீங்க ஒரு ஹங்கேரிக்காரரை வீட்டுலயே வச்சிருந்தீங்களாமே, ரெண்டு வார்த்தை பேசுங்களேன்" என்றார். மேடை ஏறினால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். அவர் எதிர்பார்ப்பது இப்படி ஒரு கதையை அல்ல என்று தெரியும். அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்த ஹங்கேரிக்காரர் சாமிக்கும் மனுசருக்கும் தண்ணீர் ஊற்றுகிற திருவிழாக்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்தவர். சித்திரையில் ஆட்டுத்தோல் பைகளில் தண்ணீர் சுமந்து அழகர் மீது பீய்ச்சுகிறார்களே, அதைப் பார்க்கத்தான் முதலில் மதுரைக்கு வந்தாராம். பல்கலைக்கழக விருந்தினர் விடுதி அவருக்குப் பிடிக்கவில்லை. அடுப்படிச் சத்தம் கேட்கிற வீடு ஒன்று வேண்டும் என்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நாகமலை புதுக்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறை சும்மா கிடந்தது. அம்மாவிடம் கேட்டேன். "வாசல்ல செருப்பக் கழட்டுவாகளா? அப்பச் சரி" என்றார் அம்மா. அவ்வளவுதான் விசாரணை.

வீட்டில் அப்போது அம்மா, மதினி, நான், என் மனைவி. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே அப்பா போய்விட்டார். அண்ணன் போனது அதற்கு வெகு காலம் கழித்து, திருமங்கலம் நாலுவழிச் சாலையில், ஒரு லாரியின் பின்சக்கரத்தில். மதினிக்குக் குழந்தை இல்லை. கருமாதிக்கு வந்த அவருடைய அண்ணன்மார், "நீ இங்கேயே இருந்துக்க, அதுதான் மரியாதை" என்று சொல்லிவிட்டு, கையை நனைத்த கையோடு பஸ் ஏறிவிட்டார்கள். அதனால் மதினிக்கு இருந்த ஒரே கூரை எங்கள் வீட்டுக் கூரைதான். அதுவும் அம்மாவின் மனசைப் பொறுத்தது. அம்மாவோ பெரியப்பா வாயிலிருந்து வருகிற சொல்லைத் தட்டமாட்டார். பெரியப்பா எங்கள் பங்காளிகளில் மூத்தவர், கோயிலிலும் அவர்தான் முதல் மரியாதைக்காரர். இது எல்லாருக்கும் தெரியும், மதினிக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

வந்தவர் தமிழைத் தன் நாட்டிலேயே படித்துவிட்டு வந்திருந்தார். புத்தகத் தமிழ். ஆனால் உறவுமுறையை மட்டும் எங்களிடமிருந்தே எடுத்துக்கொண்டார். நான் அம்மா என்றால் அவரும் அம்மா, நான் மதினி என்றால் அவரும் மதினி. தன் பெயரைச் சொல்லும்போது குடும்பப் பெயரை முன்னால் சொல்லி, சொந்தப் பெயரைப் பின்னால் சொன்னார். அவர்கள் நாட்டில் அப்படித்தானாம். "அட, நம்ம இனிசியல் மாதிரி" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். தகப்பனை அவர்கள் மொழியில் கிட்டத்தட்ட 'ஆப்பா' என்பார்கள் என்றும் ஒருநாள் சொல்லிவைத்தார். அது பெரியப்பா காதில் விழுந்தது, போயே போச்சு. "யோவ், இவுக நம்மாளுகய்யா! எந்தக் காலத்துலயோ ஆடு பத்திக்கிட்டுப் போயி அங்கிட்டே தங்கிட்டாக!" ஆராய்ச்சியாளர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை என்று அவர் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். "அவங்ய கெடக்காங்ய. இனிமே நீ எனக்கு மகன் மாதிரி" என்று பெரியப்பா தோளில் தட்டித் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கோயில் வாசலில் நாலு பேர் முன்னால்தான் சொன்னார். பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

மிளகாய் விஷயத்திலும் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அவர்கள் ஊரிலும் வீட்டு வாசலில் சரம் சரமாகச் சிவப்பு மிளகாய் காயப்போடுவார்களாம், குழம்பெல்லாம் ரத்தச் சிவப்பாம். "எங்களை மிளகாயால் மிரட்ட முடியாது, மதினி" என்றார். மதினி குண்டு மிளகாய் வறுத்து அரைத்த துவையலில் ஒரு கரண்டி இலையில் வைத்தார். மூக்கும் கண்ணும் ஒழுக அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடிய அழகைப் பார்த்து, அண்ணன் போன பிறகு முதல் தடவையாக மதினி வாய்விட்டுச் சிரித்தார். நாங்கள் எல்லாரும் அவரை விட்டுவிட்டு மதினியைத்தான் பார்த்தோம்.

அவர் வந்த முதல் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின நாள், அடுப்படியில் நுழைந்து சின்ன வெங்காயத் தோலையெல்லாம் அள்ளிச் சேர்த்துக்கொண்டிருந்தார். "சார், வெங்காயத்த எங்களுக்கு விட்டுட்டு நீங்க தோலைத் திங்கப்போறீகளாக்கும்?" என்று மதினி கேட்டார். அவர் ஒரு முட்டையை எடுத்து, அதன் மேல் கொத்தமல்லி இலையை ஒட்டி, பழைய வேட்டித் துணியால் இறுகச் சுற்றி நூலால் கட்டினார். வெங்காயத் தோல் கொதித்த தண்ணீரில் அதைப் போட்டு வேகவைத்து, அதிலேயே நெடுநேரம் ஊறவும் விட்டார். துணியை அவிழ்த்தபோது முட்டை சிவந்து, இலை இருந்த இடம் மட்டும் வெளுத்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மதினி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் அவர் ஒரு சென்ட் பாட்டிலோடு படியிறங்கி வந்தார். அவர்கள் நாட்டில் அன்று ஆண்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள் மேல் தண்ணீர் ஊற்றுவார்களாம். கிராமத்தில் வாளி வாளியாக, பட்டணத்தில் நாலு சொட்டு வாசனைத் தண்ணீர். ஊற்றுவதற்கு முன் "ஊற்றலாமா?" என்று கேட்க வேண்டும். ஊற்றினவருக்கு அந்தப் பெண் சாயம் ஏற்றிய முட்டை ஒன்று தர வேண்டும். வீட்டில் மூத்தவர் என்று அம்மாவிடம்தான் முதலில் கேட்டார். அம்மா வெட்கம் தாங்காமல், "சீ போப்பா, எனக்கெதுக்கு இதெல்லாம்" என்று உள்ளே ஓடிவிட்டார். என் மனைவி தலையை நீட்டி வாங்கிக்கொண்டார். பிறகு அவர் அடுப்படிப் பக்கம் திரும்பினார். "அவளுக்கு வேணாம்" என்றார் அம்மா உள்ளேயிருந்து. அந்தக் குரலில் வெட்கம் இல்லை.

பிறகு நான்தான் அவருக்கு விளக்கினேன். புருசன் இல்லாதவர்களுக்கு இங்கே பூ இல்லை, மஞ்சள் இல்லை, விசேஷத் தண்ணீரும் இல்லை, அவ்வளவுதான் என்றேன். ரேஷன் கடை எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற குரலில்தான் சொன்னேன். அவருக்கு இது புதிதல்ல, படித்திருக்கிறார். ஆனாலும், "எங்கள் ஊரில் அப்பாவின் அக்கா ஒருவர் தனியாக இருந்தார். கணவர் இறந்தவர். நாங்கள் காலையில் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போவோம். பெண்களைப் பூவாக நினைத்துத்தான் தண்ணீர் ஊற்றுகிறோம். ஒரு பெண்ணை மட்டும் விட்டுவிட்டால், நீ வாடிப் போ என்று அவளிடம் சொன்ன மாதிரி ஆகிவிடும்" என்றார். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மதினி மாவு வழித்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்காது என்றுதான் நினைத்தேன்.

மறு வருஷம் எங்கள் தெருப் பங்குனிப் பொங்கல் வந்தது. பொங்கல், கிடாவெட்டு எல்லாம் முடிந்து, கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. அண்டா அண்டாவாக மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்டு வைத்திருப்பார்கள். முறைக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றிக்கொள்ள வேண்டும். மாமன், அத்தை மகள், கொழுந்தன், மதினி, இப்படி. அண்ணன், தங்கச்சி முறையில் தவறிப்போய் ஒரு சொட்டு பட்டால்கூடச் சண்டைதான். அன்றைக்குத் தெருவே மஞ்சளாக ஓடும். புருசனை இழந்த பெண்கள் மட்டும் மாடியில் நின்று பார்ப்பார்கள். மதினியும் ஒவ்வொரு வருஷமும் மாடிக்குத்தான் போவார். நானும் வழக்கமாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, என் பங்குக்கு நனைந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் மதினி மாடிக்குப் போகவில்லை. வீட்டு வாசலில் வந்து நின்றார். ஏதோ எடுக்க வந்திருப்பார் என்று நினைத்தேன். அப்போது ஹங்கேரிக்காரர் கையில் ஒரு செம்போடு அவர் முன்னால் போனார். ஸ்பீக்கர் சத்தத்தில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் வாய் அசைந்தது, மதினியின் தலை அசைந்தது. அடுத்த நொடி செம்புத் தண்ணீர் மதினியின் உச்சந்தலையில் விழுந்து, முகம் தோள் எல்லாம் மஞ்சளாக வழிந்தது. பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி, "அய்யோ ஆத்தா!" என்று கத்திவிட்டாள். ஸ்பீக்கரை யாரோ நிறுத்தினார்கள்.

பெரியப்பா வந்த வேகத்தில் துண்டு கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "தாலியறுத்தவ மேல மஞ்சத்தண்ணியா? ஆத்தா கோயில்ல இப்படி ஒரு அநியாயமா?" என்று கோயில் வாசலில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரையும் அங்கே வரவழைத்தார். "பொழுது சாயிறதுக்குள்ள அவளைக் கொண்டுபோயி அவ அண்ணன்மாரு வீட்டுல விட்டுட்டு வா" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த அண்ணன்மார் வாசலில் மதினி போய் நின்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு எனக்கு நிஜமாகவே பயம்.

அலுவலகத்தில் இருந்தவனுக்குச் சமாதான வழி சீக்கிரம் தெரிந்துவிடும். ஹங்கேரிக்காரரைத் தனியே இழுத்தேன். "உங்க வழக்கம் எனக்குத் தெரியாதுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுருங்க. வெளிநாட்டுக்காரர்னு விட்டுருவாக" என்றேன். "எனக்குத் தெரியுமே" என்றார் அவர். "தெரிஞ்சாலும் தெரியாதுன்னு சொல்லுங்க. மதினிக்கு வீடு மிஞ்சணுமா வேணாமா?" அவர் நேரே போய்ப் பெரியப்பா முன்னால் கைகூப்பி, "எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது. தவறு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்" என்றார். முகத்தில் அவமானம் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் மந்திரம் போட்ட மாதிரி எல்லாருக்கும் மூச்சு வந்தது. "வெள்ளைக்காரருக்கு என்னத்தத் தெரியும், பாவம்" என்றார் பெரியப்பா. "அந்தப் புள்ளையும் என்ன செய்யும், திடுதிப்புன்னு ஊத்திட்டாரு" என்றது ஒரு குரல். பிளாஸ்டிக் நாற்காலிகள் நகர ஆரம்பித்தன.

"இருங்க மாமா" என்றார் மதினி.

எங்கள் வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் பெரியப்பா முன்னால் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றும் உயரவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். "அவருக்கு எல்லாம் தெரியும். எனக்காகப் பொய் சொல்றாரு. நாந்தான் ஊத்தச் சொன்னேன்." முந்தானை முடிச்சை அவிழ்த்தார். செங்கல் நிறத்தில் அந்த முட்டை. "ஊத்துனவுகளுக்கு முட்டை குடுக்கணுமாம் அவுக ஊருல. நேத்தே அவிச்சு வச்சுட்டேன். இந்தாங்க சார்."

அந்த நிறம் எப்படி வரும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தோல் சேர்க்க வேண்டும், துணி கிழிக்க வேண்டும், நூல் கட்ட வேண்டும், வேகவைத்து ஊறவிட வேண்டும். அத்தனை நேரமும் மதினி யோசித்திருக்கிறார். கொத்தமல்லி அடுப்படியிலேயே கிடந்திருக்கும். கோயில் மரத்து வேப்பிலையைத்தான் தேடி எடுத்திருக்கிறார். நான் பாடுபட்டுக் கட்டிய சமாதானம் பொடிப்பொடியாகிவிட்டது என்று எரிச்சலும் வந்தது, அந்த வேப்பிலையை விட்டுக் கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

பெரியப்பா எழுந்துவிட்டார். "என்னா முறைன்னு ஊத்தச் சொன்ன?"

"நீங்கதான மாமா இதே எடத்துல வச்சு மகன் மாதிரின்னு சொன்னீக? அப்ப எனக்குக் கொழுந்தன் முறைதான?"

பின்னால் இளவட்டங்கள் பக்கம் ஒரு சிரிப்பு கிளம்பி, இருமலாக அடங்கியது. பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. முறை சரிதான், அதில் அவரால் கை வைக்க முடியாது. "முறை கெடக்கு. நீ இருக்கிற இருப்புக்கு இது அடுக்குமா?" என்றார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார். "ஏத்தா, ஒன் வீட்டு மருமக. இவ இனி ஒன் வீட்டுல இருக்கணுமா வேணாமா? இங்கனயே சொல்லிப்புடு."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா யாரையும் பார்க்கவில்லை. மதினியின் கையில் இருந்த முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவளுக்கு வேணாம்" என்று போன வருஷம் சொன்ன அதே அம்மா. அப்பா போனதும் வாலிப வயசிலேயே பூவை எடுத்தவர், அன்றிலிருந்து ஒரு மஞ்சள் நீராட்டுக்கும் தெருவில் இறங்காதவர். எங்கள் எல்லாருக்கும் அது பழகிப்போயிருந்தது. அவருக்கும் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தோம்.

அம்மா பெரியப்பாவைத் தாண்டி ஹங்கேரிக்காரரிடம் போய் நின்றார். "ஏன்யா, போன வருசம் ஒரு பேச்சுக்கு வேணாம்னேன். அதுக்காக இந்த வருசம் என்னயக் கேக்காமலே விட்டுருவியா? மூத்தவகிட்டத்தான மொதல்ல கேக்கணும்ன?" என்றார். அம்மாவின் குரல் உடைந்தது. "எந்தலையில இனிமே ஊரு கூடித் தண்ணி ஊத்துறது நா செத்து நீர்மாலை எடுத்து வாரன்னைக்குத்தான்னு இருந்தேன். அன்னைக்கு ஊத்துனா எனக்குத் தெரியவா போகுது? இப்ப ஊத்து."

மதினிதான் செம்பை அண்டாவில் முக்கி எடுத்து வந்து கொடுத்தார். "அம்மா, ஊற்றலாமா?" என்று அவர் கேட்டார், அவர்கள் முறைப்படி. "அதான் சொல்றேன்ல, ஊத்து!" என்று அம்மா அதட்டினார். தண்ணீர் விழுந்தபோது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார், தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரியப்பா கீழே கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். மதினி வீட்டில் இருக்கலாமா கூடாதா என்ற பேச்சை அதன் பிறகு யாரும் எடுக்கவில்லை.

போகும்போது அம்மா திரும்பி, "ஒனக்கு முட்டை குடுக்கணும்ல? நான் அவிச்சு வைக்கல. அடுத்த வருசம் வாங்கிக்க" என்றார். "சரி அம்மா" என்றார் அவர்.

இதனால் தெரு தலைகீழாக மாறிவிட்டது என்று நான் எழுதினால் அது பொய். பெரியப்பா சாகும்வரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. இன்றைக்கும் பங்குனியில் மாடிகளில் பெண்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். ஒன்றிரண்டு பேர் இறங்கி வந்து எங்கள் வாசலோடு நிற்கிறார்கள், அவ்வளவுதான். ஹங்கேரிக்காரர் ஆராய்ச்சி முடிந்து அந்த வருஷமே ஊருக்குப் போனார். மறுபடி வர வாய்க்கவில்லை. இப்போது முழங்கால் வலியாம், ஈஸ்டருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். அம்மா மட்டும் சொன்ன சொல் மாறாமல் ஒவ்வொரு பங்குனிக்கும் அவருக்கென்று ஒரு முட்டை அவித்து, மொட்டைமாடி அறை ஜன்னலில் வைத்தார். நீர்மாலைக் குடங்கள் அம்மாவுக்கும் வந்தன. முதல் குடத்தை மதினிதான் ஊற்றினார். ஊற்றுவதற்கு முன் குனிந்து, "அத்தை, ஊத்தலாமா?" என்று கேட்டது பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

கருத்தரங்கு முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மதினி கேட்டார், "என்ன பேசுனாக கொழுந்தனாரே?" அகராதி, ஓவியம், யோகா என்று சொன்னேன். "முட்டையப் பத்தி ஒருத்தரும் பேசலையாக்கும்?" என்றார். அதற்கு முந்தின வாரம்தான் இந்த வருஷத்து மஞ்சள் நீராட்டு முடிந்திருந்தது. அன்றும் வழக்கம்போலக் கேட்டுவிட்டு மதினி தலையில் ஒரு செம்பு ஊற்றினேன். வேப்பிலை பதிந்த முட்டை ஒன்றை என் கையில் வைத்தார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி மாடிப்படி ஏறினார். "இன்னும் எதுக்கு மதினி, அவரு எங்க வரப்போறாரு" என்றேன். "அத்தை குடுக்கிறேன்னு சொன்னது, நாம இல்லைங்கப்படாது" என்று மேலேயிருந்து சத்தம் வந்தது. ஆகவே பேராசிரியருக்கு நான் எழுதித் தரக்கூடியது இவ்வளவுதான். ஹங்கேரிக்கு எங்கள் வீட்டில் இன்னும் ஒரு முட்டை பாக்கி இருக்கிறது.